கடலாமைகளை முகம் பார்த்து அடையாளம் காண: படத்தொகுப்பை அமைக்கும் முறை

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உட்பட்ட ரீயூனியன் தீவின் மேற்குக் கரையில் முக்குளிப்பவர்கள் பேராமையையும் அழுங்காமையையும் அடிக்கடி காண்கிறார்கள். கண்ணுக்குப் பின்னால் கன்னத்தில் உள்ள செதில்களின் அமைப்பு ஆமைக்கு ஆமை வேறுபடுவதாலும், ஆண்டுகள் கடந்தும் பெரிதும் மாறாததாலும், துடுப்பில் உலோகத் தகடு பொருத்தாமலேயே இன்ன ஆமை என்று சொல்லிவிடலாம். அத்தீவின் சென் லே ஊரிலுள்ள கெலோனியா என்ற கடலாமை மையத்தின் ஆய்வாளர்கள் இந்த முறையை 2010-இல் விவரித்துள்ளனர். எங்கள் தமிழ் வகுப்பு நண்பர்கள் எடுத்த படங்களை ஒழுங்குபடுத்தியபோது நான் கடைப்பிடித்த வழி இது.

முதலில், மூலப் படங்களை ஒரு தனி அடைவில் இட்டுப் பூட்டிவிடுங்கள். வெட்டுவதும் வெளிச்சம் கூட்டுவதும் நகலில்தான். கோப்புப் பெயர் 20240317-02-05 என்பதுபோல் நாள், முங்கல் எண், பட எண் என எண்களாலேயே அமையட்டும். கேமராவின் கடிகாரத்தையும் சரிபாருங்கள். பிரான்சுக்குப் போய்வந்த என் கேமரா பாரிஸ் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்ததால், இங்கு ஒரு கோடைக்காலத்தில் (பாரிஸில் அப்போது குளிர்காலம்) எடுத்த படங்கள் அனைத்திலும் மூன்று மணி நேரத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று.

அடுத்து, எக்செலில் மூன்று தாள்களைத் திறங்கள். ஒன்றில் படங்கள், இன்னொன்றில் சந்திப்புகள் (நாள், இடம், ஆழம், பார்த்தவர்), மூன்றாவதில் ஆமைகள். ஒரே தாளில் எல்லாவற்றையும் திணித்தால், ஓர் ஆமையை ஏழு முறை பார்த்தபின் அதன் விவரங்கள் ஏழு இடங்களில் ஏழு விதமாக நிற்கும்.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இடது, வலது விஷயத்தில். ஓர் ஆமையின் இரு கன்னங்களும் ஒன்றுபோல் இரா. எனவே இடப்பக்கப் படத்தை இடப்பக்கத்தோடு மட்டுமே ஒப்பிட முடியும். ஒரு நாள் இடப்பக்கமும் வேறொரு நாள் வலப்பக்கமும் மட்டும் கிடைத்திருந்தால், ஒரே ஆமை இரு எண்களோடு பதிவாகி, எண்ணிக்கை பொய்யாக உயரும். இதனால், பக்கம் (இடது அல்லது வலது) என்ற நெடுவரிசையைக் கட்டாயமாக்குங்கள்.

ஒவ்வொரு செதிலுக்கும் மூன்று இலக்கக் குறியீடு தரவேண்டும்: கண்ணிலிருந்து எத்தனையாவது வரிசை, அவ்வரிசையில் எத்தனையாவது செதில், அச்செதிலுக்கு எத்தனை பக்கங்கள். முதல் வரிசையின் இரண்டாம் செதில் ஐங்கோணமாக இருந்தால் 125. இக்குறியீடுகளைக் கொண்டு தாளை வடிகட்டினால், நூற்றுக்கணக்கான படங்கள் பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கும். மீதியைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். மங்கலான படத்தில் ஒரு கோட்டைத் தவறவிட்டால் அறுகோணம் ஐங்கோணமாகிவிடும் என்பதால், ஓரிரு செதில்கள் மாறுபட்டாலும் உடனே ஒதுக்கிவிடாதீர்கள்.

பொருத்தம் என்று தோன்றியதை இன்னொருவர், உங்கள் முடிவை அறியாமல் பார்க்கட்டும். இரு எண்களும் ஒரே ஆமை என்று பின்னர் தெரியவந்தால், பழைய எண்ணை வைத்துக்கொண்டு புதியதை "இணைக்கப்பட்டது" என்று குறியுங்கள்; அந்த எண்ணை நீக்கவோ வேறோர் ஆமைக்குக் கொடுக்கவோ வேண்டாம்.