முதுகோடு முதுகு ஒட்டிய நோட்டு

அண்ணன் மகளுக்குப் பதினைந்து வயது. கையில் எப்போதும் ஏதாவது ஒரு இளையோர் நாவல் இருக்கும். "என்னடி கதை?" என்று கேட்டால் "சொன்னா புரியாது அத்தை" என்பாள். சரி, நாமே படித்துவிடுவோம் என்று அவள் முடித்த ஒன்றை வாங்கிப் படித்தேன். என் ஆங்கிலத்துக்குப் பத்து நாள் பிடித்தது. படித்தபின் சொல்வதற்கு நிறைய இருந்தது. ஆனால் நான் பேச ஆரம்பித்த மூன்றாவது நிமிடத்தில் அவள் போனைக் கையில் எடுத்துவிட்டாள். தப்பு என்னுடையதுதான். கதையில் தொடங்கி அறிவுரையில் போய் நின்றிருந்தேன்.

மதுரையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். வாய் கெடுத்ததைக் கை சரி செய்யட்டும் என்று ஒரு நோட்டுத் தைத்தேன். ஒரு நாவலுக்கு ஒரு நோட்டு. ஒரு பக்கம் திறந்தால் அவளுடையது, திருப்பிப் பிடித்துத் திறந்தால் என்னுடையது. நாவல் முடியும்வரை ஒருவர் பக்கத்தை மற்றவர் பார்க்கக் கூடாது. இப்படி இரண்டு நூல்களை முதுகோடு முதுகாகச் சேர்த்துக் கட்டும் பழக்கம் புதிதல்ல. இங்கிலாந்தில் 1600-களில் பைபிளின் புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இதே மாதிரி ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

முதலில் அளவு. என் முதல் நோட்டு ஏ4 தாளை அப்படியே மடித்துத் தைத்தது, 14.8 × 21 செ.மீ. கடையில் கிடைக்கும் ஆங்கில நாவல்கள் பெரும்பாலும் 12.9 × 19.8 செ.மீ. நோட்டு நாவலைவிடப் பெரிதாக இருந்ததால் பள்ளிப் பையில் நாலே நாளில் மூலைகள் நாய்க்காது ஆகிவிட்டன. இப்போது பக்கத்தை 12 × 18.5 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். நாவலின் பின்னட்டைக்குள் செருகினால் வெளியே தெரியாது.

அடுத்தது தாள். காகிதத்துக்கும் துணி மாதிரி ஓட்டம் உண்டு, அதாவது இழைகள் ஓடும் திசை. ஓட்டத்தோடு மடித்தால் படியும், குறுக்கே மடித்தால் முறைத்துக்கொண்டு நிற்கும். ஜெராக்ஸ் கடை ஏ4 தாளில் ஓட்டம் பெரும்பாலும் நீளவாக்கில்தான் இருக்கும். அதை நோட்டுக்கு மடிக்கும்போது ஓட்டத்துக்குக் குறுக்கே மடிப்பு விழுகிறது. அதனால்தான் அந்த முதல் நோட்டு மூடவே மாட்டேன் என்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஏ3 தாளாக வாங்கி, குறுக்கே இரண்டாக வெட்டினால் அதே ஏ4 அளவுதான் கிடைக்கும், ஆனால் ஓட்டம் மாறியிருக்கும். சந்தேகமாக இருந்தால் தாளை இரண்டு பக்கமாகவும் மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கம் மடியுங்கள்.

ஆளுக்கு ஆறு தாள் எடுத்து, ஒவ்வொன்றாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். ஸ்பூனின் முதுகால் மடிப்பை அழுத்தித் தேய்க்க வேண்டும். பைண்டிங் கடையில் இந்த மாதிரி ஒரு கட்டை ஃபாரம் என்பார்கள். செருகியபின் உள்ளே இருக்கும் தாள்கள் விளிம்பில் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பயப்பட வேண்டாம். எல்லாவற்றையும் கிளிப் போட்டு, ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும் வைத்து மூன்று பக்கமும் சேர்த்து வெட்டினால் சமமாகிவிடும். கட்டரை ஒரே இழுப்பில் அழுத்தாமல், லேசாக ஏழெட்டு முறை இழுங்கள்.

அட்டைதான் இதில் சுவையான வேலை. 36.6 × 19 செ.மீ. நீளப் பட்டை ஒன்று வேண்டும். மூன்று பங்காக, பங்குக்கு 12.2 செ.மீ. முதல் மடிப்பை ஒரு திசையிலும் இரண்டாவதை எதிர்த் திசையிலும் மடித்தால் மேலிருந்து பார்க்க ஆங்கில 'இசட்' எழுத்துப் போல இருக்கும். முதல் மடிப்புக்குள் ஒரு ஃபாரம், இரண்டாவதற்குள் இன்னொன்று. நடுப் பங்கு இருவருக்கும் பொது.

சார்ட் பேப்பர் மட்டும் தாங்காது, அதன்மேல் துணி ஒட்டுகிறேன். நம்மிடம் துணிக்கா பஞ்சம்? சுங்குடிச் சேலையில் மிஞ்சிய முனைகள் ஒரு பை நிறையக் கிடக்கின்றன. புதுச் சுங்குடி சாயம் விடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டபின்தான் பசையில் வைக்க வேண்டும். ஒரு தடவை அவசரத்தில் அப்படியே ஒட்டினேன், அரக்குச் சிவப்பு ஊறிப்போய் உள்தாள் எல்லாம் ரோஜாப்பூ நிறம்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். பட்டையின் ஒரு பக்கம் மட்டும் துணி ஒட்டிவிட்டு அழகாக மடித்துப் பார்த்தால், அவள் அட்டை சுங்குடி, என் அட்டை மொட்டைச் சார்ட்! எதிரெதிராக மடிக்கும்போது பட்டையின் முன்பக்கம் ஒரு முகப்பாகவும் பின்பக்கம் மறு முகப்பாகவும் வந்துவிடுகிறது. அதனால் இரண்டு பக்கமும் துணி ஒட்ட வேண்டும். அவள் பக்கம் சுங்குடி, என் பக்கம் ஏதாவது பழைய ரவிக்கைத் துண்டு. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காயும்போது துணி இழுத்து அட்டை அப்பளம் மாதிரி வளையும், இரண்டு பக்கமும் ஒட்டினால் அந்தத் தொல்லையும் இல்லை.

பசைக்கு ஒரு ஸ்பூன் மைதா, ஐந்து ஸ்பூன் தண்ணீர். கட்டி இல்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டி, பளபளவென்று வந்ததும் இறக்குங்கள். பைண்டிங்காரர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், வீட்டில் வேண்டாம். அன்றைக்குக் காய்ச்சியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். பசையைத் துணியில் தடவாமல் சார்ட்டில் மெல்லிசாகத் தடவி, துணியை மேலே வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். 40 × 22 செ.மீ. என்று பெரிதாகவே ஒட்டி, இரவு முழுக்கக் கனமான எதற்காவது அடியில் வைத்து (என் வீட்டில் இட்லி குண்டான்), நன்றாகக் காய்ந்தபின் அளவுக்கு வெட்டுங்கள். பசை ஊறியிருப்பதால் ஓரம் பிரியாது. ஸ்பூன் காம்பால் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் மடியுங்கள்.

தையலுக்கு மூன்று துளை போதும். மடிப்பின் நடுவில் ஒன்று, இரு முனையிலிருந்தும் 3 செ.மீ. உள்ளே ஒவ்வொன்று. குத்தூசியால் ஃபாரத்தையும் அட்டையையும் சேர்த்துக் குத்துங்கள். கோணி ஊசி வேண்டாம், துளை பெரிதாகித் தாள் கிழியும். நூல் நோட்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு, மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்தது. உள்ளே இருந்து நடுத்துளை வழியாக வெளியே வாருங்கள், உள்ளே ஒரு சாண் வாலாக விட்டுவிட்டு. வெளியிலிருந்து மேல்துளையில் நுழையுங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே வாருங்கள். மறுபடி நடுத்துளையில் உள்ளே. இப்போது நூலின் இரண்டு முனையும் உள்ளே இருக்கும். உள்ளே மேல்துளைக்கும் கீழ்த்துளைக்கும் நடுவில் ஓடும் நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை என்று பிரித்து, அதை நடுவில் பிடித்து இரட்டை முடிச்சுப் போடுங்கள். இழுக்கும்போது மடிப்பின் நீளவாக்கில் இழுங்கள், செங்குத்தாக இழுத்தால் தாள் அறும். இரண்டாவது ஃபாரத்துக்கும் இதே கதைதான்.

எந்த நாவல் என்பதை அவள்தான் முடிவு செய்வாள், எனக்கு ஓட்டு கிடையாது. ஆனால் தேடும் இடம் காட்டலாம். பெங்களூர் நீவ் இலக்கிய விழாவில் 2018 முதல் கொடுக்கும் விருதில் இளையோர் நூல்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. பரிசு பெற்றதைவிட இறுதிப் பட்டியலில் நின்றவை எங்களுக்கு அதிகம் பிடித்திருக்கின்றன. வெளிநாட்டு நாவல் என்றால் அமெரிக்க நூலகச் சங்கம் 2000 முதல் தரும் பிரின்ட்ஸ் விருதுப் பட்டியல். தமிழில் இந்த வயதுக்கென்றே எழுதுபவை குறைவு. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பட்டியலில் பார்த்தால் சில தேறும். வாங்குவதற்கு முன் புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் தேடிப் பார்ப்போம். கிடைத்தால் முதல் இரண்டு அத்தியாயத்தை உட்கார்ந்து படிப்பாள். மூன்றாவதற்குப் புரட்டினாள் என்றால் வாங்கிவிடலாம்.

நோட்டில் எழுத விதி அதிகம் இல்லை. முதல் பக்கத்தில் பாத்திரங்களின் பெயரும் உறவும், எனக்கு இது அவசியம். புது நாவல்களில் அத்தியாயத்துக்கு ஒருவர் 'நான்' என்று பேசுகிறார்கள். கால்வாசி படித்ததும் நிறுத்தி, இனி என்ன நடக்கும் என்று ஒரு ஊகம். மற்றதெல்லாம் பக்க எண்ணும் ஒற்றை வரியும். "நல்ல நடை", "அருமையான கருத்து" மாதிரி எழுதினால் அபராதமாகப் பஜ்ஜி. இதுவரை மூன்று முறை நான்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

முடித்த அன்று நோட்டைத் திருப்பிப் பிடித்து மற்றவர் பக்கத்தைப் படிப்போம். போன நாவலில் கதாநாயகி அம்மாவிடம் பொய் சொல்லும் இடத்தை இருவருமே குறித்திருந்தோம். நான் எழுதியது: "ப. 112. இவ்வளவு பெரிய பொய்யா?" அவள் எழுதியது: "ப. 112. அம்மா கேட்ட கேள்வியில் உண்மைக்கு இடமே இல்லை." நான் போய் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். ஆமாம், இடமே இல்லை.

கடைசி நாலு பக்கத்தைக் காலியாக விடுவது அதனால்தான். படித்தபின் அங்கே பச்சை மையில் பதில் எழுதுவோம். 112-க்கு நான் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். அவளுக்கு இப்போது காலாண்டுத் தேர்வு, இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை.