பெரிய நிறுவனத்தில் ஆன்லைன் பயிற்சி: ஆள் பட்டியலில் தொடங்குங்கள்

ஆன்லைன் பயிற்சி என்றதும் எந்த மென்பொருளை வாங்கலாம் என்ற பேச்சுதான் முதலில் கிளம்பும். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் திட்டம் பெரும்பாலும் இடறுவது ஆள் பட்டியலில்தான். யார் எந்தப் பிரிவு, யாருக்குக் கீழ், இன்னும் வேலையில் இருக்கிறாரா என்பதில் பிசகு இருந்தால், எவ்வளவு நல்ல பாடமும் தவறான ஆளிடம் போய் நிற்கும்.

பட்டியல்

எச்ஆர் (மனிதவளப் பிரிவு) மென்பொருளிலிருந்து எட்டு விவரங்களை எடுங்கள்: பணியாளர் எண், பெயர், மின்னஞ்சல், பிரிவு, பணியிடம், மேலாளரின் பணியாளர் எண், சேர்ந்த தேதி, தற்போதைய நிலை. எல்எம்எஸ்ஸில் (பாடங்களை வழங்கி, யார் முடித்தார் என்று பதியும் மென்பொருள்) ஒருவரை அடையாளம் காணப் பணியாளர் எண்ணையே வையுங்கள், மின்னஞ்சலை வேண்டாம். திருமணத்துக்குப் பின் பெயர் மாறினாலோ, துணை நிறுவனத்துக்கு மாற்றலானாலோ மின்னஞ்சலும் மாறும். மென்பொருள் அவரைப் புது ஆள் என்று எடுத்துக்கொள்ளும்; முடித்த பாடங்களெல்லாம் பழைய கணக்கில் கிடக்கும்.

எச்ஆர் மென்பொருள் தரும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) எக்செல்லில் அப்படியே திறந்து சேமித்தால் 004512 என்ற எண் 4512 ஆகிவிடும். பணியாளர் எண் உள்ள நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறிப்பிட்டு இறக்குமதி செய்யுங்கள். மேலாளர் எண் காலியாக இருப்பவர்களைத் தனியே பிரித்துச் சரிசெய்யுங்கள். அவர்களைப் பற்றிய நினைவூட்டல் யாருக்கும் போகாது. வேலையை விட்டவர்களின் கணக்கை அழிக்காமல் முடக்கி மட்டும் வைக்க வேண்டும். தணிக்கையில் பழைய பதிவைக் கேட்பார்கள்.

பிறகு இந்தப் பட்டியல் இரவுதோறும் தானாக எல்எம்எஸ்ஸுக்குப் போகட்டும். ஆனால் ஒரு தடுப்பு வையுங்கள்: ஒரே இரவில் 5 சதவீதத்துக்கு மேல் கணக்குகள் முடங்குவதாக இருந்தால் அந்தப் பரிமாற்றம் நின்று எச்சரிக்கை வர வேண்டும். கோப்பு பாதியில் அறுந்து வந்தால் விடிவதற்குள் பாதி நிறுவனம் லாகின் செய்ய முடியாமல் தவிக்கும்.

லாகின்

அலுவலகக் கணக்கு உள்ளவர்களுக்கு சிங்கிள் சைன் ஆன், அதாவது அலுவலக பாஸ்வேர்டிலேயே எல்எம்எஸ்ஸுக்குள் நுழைவது. புதிதாக ஒரு பாஸ்வேர்டு கொடுத்தால், ஹெல்ப்டெஸ்க்கின் முதல் வாரம் அதிலேயே கழியும். உற்பத்திப் பிரிவில் மின்னஞ்சல் இல்லாதவர்களுக்குப் பணியாளர் எண்ணும் பின் (PIN) நம்பரும் போதும். பலர் பகிரும் கணினியில் 5 நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாக வெளியேறும்படி அமையுங்கள். இல்லையேல் அடுத்து உட்காருபவர் முந்தையவரின் கணக்கில் தேர்வு எழுதிவிட்டுப் போவார்.

பாடம்

விலைக்கு வாங்கும் பாடங்கள் பெரும்பாலும் ஸ்கார்ம் 1.2 வடிவில் வரும்; பாடமும் எல்எம்எஸ்ஸும் பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறை அது. 2001இல் வந்தது, இன்னும் ஓய்வு பெறவில்லை. அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. விட்ட இடத்தை நினைவில் வைக்க 4,096 எழுத்துகளுக்குத்தான் இடம். நீண்ட பாடத்தில் அது நிரம்பிவிட்டால், மறுநாள் வருபவர் முதலிலிருந்து தொடங்க நேரலாம். 'முடித்தார்', 'தேறினார்' இரண்டுக்கும் ஒரே கட்டம் என்பது அடுத்தது. அறிக்கையில் 'முடித்தார்' என்பதை மட்டும் வடிகட்டினால் தேறியவர்கள் கணக்கில் விடுபடுவார்கள்.

ஆகவே பணம் கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்: பாதிக்கு மேல் போய், உலாவியை எக்ஸ் பொத்தானால் மூடுங்கள். வேறு கணினியில் திறந்தால் விட்ட இடத்துக்கு வருகிறதா? முழுதும் முடித்தபின் அறிக்கையில் சரியாகப் பதிவாகிறதா? விற்பவரின் கணினியில் பார்க்க வேண்டாம். உங்கள் எல்எம்எஸ்ஸில் ஏற்றிப் பாருங்கள்.

ஒரு பாடம் 10 முதல் 15 நிமிடம் போதும். நொடிக்கு 1.5 மெகாபிட் வீடியோ 10 நிமிடத்துக்கு ஏறக்குறைய 112 மெகாபைட். ஒரே கிளையில் 200 பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் 300 மெகாபிட் இணைப்பு அதற்கே போய்விடும், மற்ற வேலை தேங்கும். கிளைகளுக்கு வெவ்வேறு வாரம் ஒதுக்குங்கள். வீடியோவில் எழுத்துவரி (சப்டைட்டில்) கட்டாயம், ஹெட்போன் இல்லாதவர்களே அதிகம் இருப்பார்கள்.

தேர்வுக்கு 30 கேள்விகள் தயாரித்து ஆளுக்கு 10 மாற்றி மாற்றி வரச் செய்யுங்கள். ஒரே 10 கேள்விகள் என்றால் விடைகள் மதிய உணவுக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். வீடியோவைத் தள்ளிவிட முடியாதபடி பூட்டுவது வீண் வேலை. ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள்.

முன்னோட்டமும் தொடக்கமும்

முன்னோட்டத்துக்கு 60 முதல் 80 பேர், இரண்டு வாரம். எச்ஆர் பிரிவினரை மட்டும் வைத்து நடத்தினால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். தலைமையகம், தொலைதூரக் கிளை, ஷிஃப்ட் ஊழியர் மூன்றும் கலந்திருக்கட்டும். ஐந்து பேரின் பக்கத்தில் அமர்ந்து, வாய் திறக்காமல், எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எல்எம்எஸ் அனுப்பும் அஞ்சல் வெளி முகவரியிலிருந்து வந்தால் பாதுகாப்பு வடிகட்டி தடுக்கலாம். தப்பி வந்தாலும் ஊழியர்கள் மோசடி என்று நினைத்து அழிப்பார்கள். அது அவர்கள் தவறல்ல. ஐடி பிரிவிடம் முன்பே அனுமதி வாங்கி, மூன்று நாள் முன்னதாக உள் முகவரியிலிருந்து அறிவிப்பு அனுப்புங்கள்.

முதல் மாதம் எல்லோருக்கும் ஒரே ஒரு பாடம். கெடு 30 நாள். 14 நாள், 3 நாள் இருக்கும்போது நினைவூட்டல். கெடு தாண்டினால் மேலாளருக்கு. முடித்தவருக்கு நினைவூட்டல் நிற்கிறதா என்று சோதியுங்கள். பயிற்சி நேரத்தை ஷிஃப்ட் அட்டவணையில் எழுதுங்கள்: 400 பேருக்கு அரை மணி என்பது 200 மணி நேர வேலை. அதை யாரும் ஒதுக்காவிட்டால் ஊழியர் தன் ஓய்வு நேரத்தில்தான் செய்ய வேண்டிவரும்.

பாடத்தைத் திருத்தினால், பலர் நடுவில் இருக்கும்போது பழைய கோப்பின் மேல் ஏற்றாதீர்கள். அவர்களின் முன்னேற்றம் குலையலாம். புதுப் பதிப்பாக ஏற்றி, இனிமேல் சேருபவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

முடித்தவர்கள் 100 சதவீதம் என்ற எண், எல்லோரும் கடைசிப் பக்கம் வரை போனார்கள் என்பதை மட்டும் சொல்லும். பாதுகாப்புப் பயிற்சி என்றால் விபத்துப் பதிவு, வாடிக்கையாளர் பயிற்சி என்றால் புகார் எண்ணிக்கை: பயிற்சிக்கு முந்தைய மூன்று மாதக் கணக்கைப் பிரிவுவாரியாக இப்போதே எடுத்து வையுங்கள். பின்னால் தேடினால், பிரிவுகள் மாறியிருக்கும், ஒப்பிட முடியாது.