அடர்த்திக் கணக்கு: வகுப்பது சுலபம், பருமன்தான் படுத்தும்

நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. சூத்திரம் இவ்வளவுதான், கால்குலேட்டர் இருந்தால் நொடியில் முடிந்துவிடும். அப்படியும் விடை தப்பாக வந்தால் கோளாறு பெரும்பாலும் பருமனில்தான் இருக்கும். அதனால் நிறையை முதலிலேயே, பொருள் நனையாமல் இருக்கும்போதே, தராசில் வைத்து கிராமில் குறித்துக்கொள்ளுங்கள், மீதிக் கவனம் முழுவதையும் பருமனுக்குக் கொடுங்கள்.

பொருள் ஒழுங்கான வடிவத்தில் இருந்தால் அளவுகோலே போதும். கட்டைக்கு நீளம் × அகலம் × உயரம், உருளைக்கு π × ஆரம்² × உயரம், கோளத்துக்கு 4/3 × π × ஆரம்³. அளப்பது விட்டம், சூத்திரத்தில் போக வேண்டியது ஆரம், இங்கேதான் பலரும் வழுக்குவார்கள். கோளத்தில் விட்டத்தை அப்படியே போட்டால் பருமன் 8 மடங்காகிவிடும். ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.87 கிராம் என்று வர வேண்டிய இரும்புக் குண்டுக்கு 0.98 வரும், அது தண்ணீரின் 1-ஐவிடக் குறைவு, அதாவது இரும்பு தண்ணீரில் மிதக்கும் என்று கணக்கு சொல்லும்! மில்லிமீட்டரில் அளந்திருந்தால் பெருக்குவதற்கு முன்பே சென்டிமீட்டருக்கு மாற்றிவிடுங்கள். பெருக்கிய பிறகு மாற்றினால் 10-ஆல் அல்ல, 1000-ஆல் வகுக்க வேண்டும்.

சரி, கல், சாவி, போல்ட் மாதிரி கோணல்மாணலான பொருளுக்கு? அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றி மட்டத்தைக் குறித்துக்கொண்டு, பொருளை நூலில் கட்டி மெதுவாக இறக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்களைத் தட்டிவிட்டு மறுபடி மட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் ஓரங்களில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும், அந்தக் குழிவின் அடிப்பகுதியைத்தான் கண்ணை அதே உயரத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். 62.8 கிராம் போல்ட்டைப் போட்டதும் மட்டம் 50 மி.லி.யிலிருந்து 58-க்கு ஏறினால் பருமன் 8 மி.லி., அதாவது 8 கன சென்டிமீட்டர் (க.செ.மீ.), அடர்த்தி 7.85 கிராம்/செ.மீ³. எஃகுதான்.

ஆனால் அந்த 8-ஐ ரொம்ப நம்பிவிடாதீர்கள். மட்டத்தைப் படித்ததில் அரை மி.லி. பிசகியிருந்தால் விடை 7.39 முதல் 8.37 வரை எங்கேயும் இருக்கலாம், 8.37 என்றால் கிட்டத்தட்ட பித்தளை. சின்னப் பொருளைப் பெரிய ஜாடியில் போட்டு அளப்பது வீண் வேலை என்பேன்.

அதைவிட நல்ல வழி தராசிலேயே இருக்கிறது. தண்ணீர் உள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்து பூஜ்ஜியமாக்குங்கள். பொருளை நூலில் பிடித்து முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள், அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் பருமன், க.செ.மீ. கணக்கில். தண்ணீர் பொருளை மேலே தள்ளும் விசை, அந்தப் பொருள் விலக்கிய தண்ணீரின் எடைக்குச் சமம், அதே விசை எதிர்ப்பக்கமாகத் தராசை அழுத்துகிறது. 1 க.செ.மீ. தண்ணீர் ஏறக்குறைய 1 கிராம் என்பதால் மாற்றவே தேவையில்லை (20 டிகிரி செல்சியஸில் 0.998, அதை விட்டுவிடலாம்). 0.1 கிராம் காட்டும் சாதாரணத் தராசே அளவு ஜாடியைவிட நுட்பமாக அளந்துவிடும். பொருள் அடியைத் தொட்டுவிட்டால் அதன் எடையும் சேர்ந்து எண் சட்டென்று எகிறும், பார்த்தாலே தெரியும். மிதக்கிற பொருள் என்றால் மெல்லிய ஊசியால் முழுதாக மூழ்கும்வரை அழுத்திப் பிடித்துப் படியுங்கள், அதே கணக்குதான்.

திரவத்துக்கு இவ்வளவு பாடு கிடையாது. காலி ஜாடியை எடைபோட்டு, ஊற்றிய பிறகு மறுபடி எடைபோட்டு, வித்தியாசத்தை மி.லி.யால் வகுத்தால் போதும்.

விடையை கிலோகிராம்/மீ³-ல் கேட்டால் 1000-ஆல் பெருக்குங்கள், 7.85 என்பது 7850 ஆகும். அப்புறம், கிராம்/செ.மீ³-ல் கிடைத்த எண்ணைத் தெரிந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: பனிக்கட்டி 0.917, அலுமினியம் 2.70, தாமிரம் 8.96, ஈயம் 11.34, தங்கம் 19.3. திடமான உலோகம் என்று நினைத்த பொருளுக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் கணக்கைச் சந்தேகிப்பதோடு, உள்ளே பொள்ளலா என்றும் பாருங்கள். உப்பு, சர்க்கரை மாதிரி கரைகிற பொருளைத் தண்ணீரில் போடாதீர்கள், எண்ணெயில் முக்குங்கள். தராசு முறையில் எண்ணெயைப் பயன்படுத்தினால் மட்டும், வந்த கிராமை அந்த எண்ணெயின் அடர்த்தியால் வகுத்த பிறகே அது பருமன்.