வலிப்பு பத்தி பேசும்போது எதைச் சொல்லணும், எதை வுட்டுடணும்

என் தம்பிக்கு பதினோரு வயசுலேர்ந்து வலிப்பு இருக்கு, இப்போ 26 ஆவுது, தண்டையார்பேட்டைல எங்க தெருவுல அவன் பேர் தெரியாதவங்க கூட "அந்த வலிப்புக்கார பையன்"னு கேட்டா எங்க வூட்டை காட்டிடுவாங்க. அதனால மொதல்ல இதைத்தான் சொல்லணும், நோய் பேரை ஆளுக்கு பேரா வைக்காதீங்க. வலிப்பு இருக்கிற பையன்னு சொல்லுங்க, அதுவும் சொல்லியே ஆகணும்ன்ற எடத்துல மட்டும்.

காக்கா வலிப்புன்றதை அடியோட வுட்டுடுங்க. காக்காவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, "கால் கை வலிப்பு"ன்றதுதான் வாயில திரிஞ்சு அப்படி ஆயிடுச்சுன்னு சொல்வாங்க, ஆனா ஸ்கூல்ல பசங்க "கா கா"ன்னு கத்தினப்போ அவன் பேக்கை தூக்கிகினு மத்தியானமே வூட்டுக்கு ஓடி வந்து பீரோ சந்துல ஒக்காந்துகினான், அது எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. வெறும் வலிப்புன்னு சொல்லுங்க, ஃபிட்ஸ்னு சொன்னாலும் எல்லாருக்கும் புரியும்.

"இழுப்பு"ன்ற வார்த்தையில மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. ஒருதபா அம்மா பதட்டத்துல அவனை ஒரு ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போய் "புள்ளைக்கு இழுப்புங்க"ன்னு சொல்ல, அங்க இருந்தவங்க வீசிங்னு நெனைச்சு மூக்குல மாஸ்க் மாட்ட வந்துட்டாங்க, நான் பின்னாடியே ஓடிப்போய் ஃபிட்ஸ் ஃபிட்ஸ்னு கத்த வேண்டியதா போச்சு. "அட்டாக்"னு சொன்னாலும் ஹார்ட் அட்டாக்னு எடுத்துப்பாங்க. டாக்டர்கிட்ட பேரை வுட என்ன பாத்தீங்கன்றதுதான் முக்கியம்: எந்த கை மொதல்ல ஆடுச்சு, கண்ணு எந்தப் பக்கம் போச்சு, எத்தினி நிமிஷம், நாக்கு கடிச்சுதா, முழிச்சப்புறம் ஆள் அடையாளம் தெரிய எவ்ளோ நேரம் ஆச்சு. பக்கத்துல ஒருத்தர் செல்லுல வீடியோ எடுத்தா டாக்டருக்கு நல்லது, ஆனா அதை குரூப்ல போடாதீங்க, ப்ளீஸ்.

ஒருவாட்டி வந்துச்சுன்னா ஒடனே வலிப்பு நோய்னு முடிவு கட்டிடாதீங்க. சின்ன புள்ளைங்களுக்கு ஜுரத்துல வர்றது ஜுர வலிப்பு, அது வேற, சர்க்கரை ரொம்ப கொறைஞ்சாலும் வரும், குடிக்கு பழகினவங்க திடீர்னு நிறுத்தினாலும் வரும். நோயா இல்லையான்றதை டாக்டர் சொல்லட்டும்.

எங்க ஆயா காத்து கருப்புன்னு சொல்லும். அதுங்கிட்ட சண்டை போட்டு ஒண்ணும் ஆகல, "ஆயா, மூளையில ஓடுற கரண்டு கொஞ்ச நேரம் தாறுமாறா பாயுது, மாத்திரை அதை அடக்கி வைக்குது"ன்னு சொன்னேன், இப்போ அதுவே அக்கம்பக்கத்துல அப்படித்தான் சொல்லுது. பேய் இல்ல, பைத்தியம் இல்ல, ஒட்டிக்காது. இந்து திருமண சட்டத்துலயே பைத்தியத்தோட சேர்த்து வலிப்பையும் கல்யாணத்துக்கு தடையா எழுதி வச்சிருந்தாங்க, 1999ல அந்த வார்த்தைய எடுத்தாச்சு, ஆனா பொண்ணு பாக்க போற எடத்துல இன்னும் எடுபடல. "தீராத வியாதி"ன்னும் சொல்லாதீங்க, சரியான மருந்து கெடைச்சா பத்துல ஏழு பேர் வலிப்பு வராமலே இருக்க முடியும்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. தம்பிக்கு ரெண்டு வருஷமா வரல, நாங்க "கட்டுப்பாட்டுல இருக்கு"ன்னு சொல்வோம், ஏன்னா "சரியாயிடுச்சு"ன்னு சொன்னா அவனே மாத்திரைய நிறுத்திடுவான்னு பயம்.

கடைசியா அவனுக்கு வந்தது பஸ் ஸ்டாப்புல. ஒருத்தர் "குடிச்சிட்டு வுழுந்துகினான்"னாரு, இன்னொருத்தர் சாவிக்கொத்தை கையில திணிச்சாரு. அந்த நேரத்துல சொல்ல வேண்டியது ரொம்ப கொஞ்சம்தான்: "ஃபிட்ஸ் வந்துருக்கு, தள்ளி நில்லுங்க, புடிச்சு அமுக்காதீங்க, வாயில எதுவும் வைக்காதீங்க, டைம் பாருங்க." ஆட்டம் நின்னதும் ஒருக்களிச்சு படுக்க வைங்க, 5 நிமிஷம் தாண்டினா 108.

முழிச்சப்புறம் என்ன பேசணும்னு அவன்கிட்டயே கேட்டேன். "பாவம், இந்த வயசுல, அப்படின்லாம் தலைமாட்டுல நின்னு பேசாதீங்கக்கா, எனக்கு கேக்குது, பதில் சொல்லத்தான் வராது. எந்த எடத்துல இருக்கேன், மணி என்ன, என் செருப்பு எங்க, இதை மட்டும் மெதுவா சொல்லுங்க"ன்னான்.