நானோகம்பியைக் காந்தப்புலத்தில் வைக்கும் முன்

காந்தப்புலத்தில் ஒரு நானோகம்பியின் மின்தடை எப்படி மாறுகிறது என்று அளக்கும்போது, முதல் தவறு காந்தத்தை ஆன் செய்வதற்கு முன்பே நடந்துவிடும். 50 நானோமீட்டர் தடிமனுள்ள தங்கக் கம்பியைக் காலி செய்ய உங்கள் விரலில் ஏறியிருக்கும் நிலைமின்சாரமே போதும். என் முதல் கம்பி இன்னும் அபத்தமாகப் போனது: மீட்டரில் ரேஞ்சை மாற்றினேன், அவ்வளவுதான், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் ஒரு இடைவெளி, இரண்டு பக்கமும் உருகி உறைந்த குட்டி உருண்டை. எல்லா முனைகளையும் எர்த் செய்து வைத்து, கருவிகளை மாட்டிய பிறகு ஒவ்வொன்றாக எர்த்தை விலக்குங்கள். மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தத்துக்கு இரண்டு என நான்கு முனையில் அளக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்தது, 10 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) என்றதும் எலக்ட்ரான் கம்பிக்குள்ளேயே வட்டமடிக்கும் என்று கற்பனை செய்வது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தங்கத்தில் எலக்ட்ரானின் வேகம் நொடிக்குச் சுமார் 1,400 கிலோமீட்டர், அந்த வேகத்தில் 10 டெஸ்லாவில்கூட வட்டத்தின் ஆரம் 800 நானோமீட்டர். உங்கள் கம்பியோ அதில் பதினாறில் ஒரு பங்கு! எலக்ட்ரான் 40 நானோமீட்டர் போவதற்குள் எதிலாவது மோதித் திசை மாறுகிறது என்று வைத்தால், அதற்குள் அது வட்டத்தில் சிறு துண்டுதான் வளைந்திருக்கும், அதனால் காந்தப்புலத்தால் மின்தடை கால் சதவீதம் கூடினாலே பெரிய விஷயம். 5 சதவீதம் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், முதலில் தெர்மாமீட்டரைச் சந்தேகப்படுங்கள். குறைந்த வெப்பநிலையில் பிளாட்டினம் சென்சாரின் மின்தடையே காந்தப்புலத்தில் கணிசமாக மாறும், அதை நம்பி ஹீட்டர் வேலை செய்தால் கம்பியின் வெப்பநிலையும் கூடவே நகரும்.

பிஸ்மத் என்ற உலோகத்தின் கதை வேறு. அங்கே லட்சம் அணுவுக்கு ஒரு எலக்ட்ரான் என்ற கணக்கில்தான் இருக்கிறது, அதுவும் ரொம்ப லேசானது, அதனால் மின்தடை பல மடங்கு எகிறும். அந்த கிராஃபைப் பார்த்துவிட்டுத் தங்கத்தில் அதைத் தேடக் கூடாது. நிக்கலில் கோணம்தான் முக்கியம்: காந்தமாக்கம், அதாவது கம்பி காந்தமாகியிருக்கும் திசை, மின்னோட்டத்தோடு ஒன்றாக இருந்தால் மின்தடை கூடுதல், குறுக்கே திரும்பினால் குறைவு. கம்பி சற்றுச் சாய்ந்து ஒட்டியிருந்தால் அதுவே முடிவை மாற்றிவிடும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் தவறு, இரைச்சல் என்று நினைத்து நல்ல தரவை வழித்துப்போடுவது. 1 கெல்வினுக்குக் கீழே, அதாவது கிட்டத்தட்ட தனிச்சுழி வெப்பநிலையில், கிராஃப் கோணல்மாணலாக வரும், உடனே சராசரி எடுத்து வழவழப்பாக்கிவிடுகிறார்கள். 1980-களின் நடுவில் ஐபிஎம் ஆய்வகத்தில் ரிச்சர்ட் வெப் குழுவினர் சின்னஞ்சிறு கம்பிகளில் பார்த்தது இதே கோணல்தான். கம்பிக்குள் குறைபாடுகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து வரும் குவாண்டம் குறுக்கீடு (எலக்ட்ரான் அலைகள் ஒன்றோடொன்று கலப்பது) அது, அந்தக் கம்பியின் கைரேகை என்றே சொல்லலாம். சோதிப்பது எளிது: புலத்தை ஏற்றி ஒரு முறை, இறக்கி ஒரு முறை அளந்து, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள். அதே இடத்தில் அதே மேடு வந்தால் அது சிக்னல். ஆனால் இடையில் அறை வெப்பநிலைக்குக் கொண்டுபோய்த் திரும்ப வந்தால் ரேகை மாறியிருக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

இதே கோணலை இன்னொரு விதத்திலும் தொலைப்பார்கள்: புலத்தின் நேர்ப்பக்கத்தையும் எதிர்ப்பக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து. நான்கு முனை அளவீட்டில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புலத்தைத் திருப்பும்போது மின்னோட்ட முனைகளையும் மின்னழுத்த முனைகளையும் இடம் மாற்றினால்தான் பழைய மதிப்பு திரும்ப வரும்.

சரி, கோணலே தெரியவில்லையா? மின்னோட்டத்தைப் பாதியாக்கி மறுபடி அளந்து பாருங்கள். மேடு பள்ளம் பெரிதாகிறது என்றால், இத்தனை நாளும் கம்பியைச் சூடாக்கிக்கொண்டே அளந்திருக்கிறீர்கள்.