பிளவுஸ் வெட்டக் கற்றுக்கொடுக்கும் சேனலுக்கு விளம்பரம் தவிர வேறு எங்கிருந்து பணம் வரும்?

ஈரோட்டில் என் தையல் அறையிலிருந்து பிளவுஸ் வெட்டும் முறைகளை வீடியோவாகப் போட்டு வருகிறேன். புதிதாகச் சேனல் தொடங்கும் பெண்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "யூடியூப் மாதம் எவ்வளவு தருகிறது அக்கா?"

விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் மட்டும் போடுபவர் என்றால் அந்த 4,000 மணி நேரத்துக்குப் பதிலாக 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள். அதைத் தாண்டிய பிறகு நீண்ட வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் நமக்கு. கூட்டம் கூடினால்தான் அது காசாகும். கைக்குழியில் ஏன் சுருக்கம் விழுகிறது என்று தேடி வருபவர்கள் ஒருநாளும் கூட்டமாக வர மாட்டார்கள். ஆனால் வரும் ஒருத்தி கையில் துணியோடு வருகிறாள். நாளைக் காலை அதை வாடிக்கையாளரிடம் கொடுத்தாக வேண்டும். அவள் சிக்கிக்கொண்ட இடத்தில் உதவும் பொருளை விற்றால் வாங்கிக்கொள்வாள். என் வருமானத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் பேட்டர்ன்

வீடியோவை ஆயிரம் பேர் பார்த்தாலும், சாக்பீஸை எடுத்துத் துணியில் கோடு போடும்போது பாதிப் பேருக்குக் கை நடுங்கும். அவர்களுக்காகத்தான் பேப்பர் பேட்டர்ன், அதாவது துணி மேல் வைத்து அப்படியே வரைந்து வெட்டும் காகித அச்சு. 30 முதல் 44 வரை இரண்டு இரண்டு அங்குல இடைவெளியில், முன்பக்கம், பின்பக்கம், கை, பட்டி என்று தனித்தனியாக வரைந்து பிடிஎஃப் ஆக்கி விற்கிறேன். விலை 60 ரூபாய். அச்சிட வசதி இல்லாதவர்களுக்குப் பிரவுன் பேப்பரில் வெட்டி அஞ்சலில் அனுப்பினால் 180 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பிளவுஸின் முன்பக்கம் ஒரு ஏ4 தாளில் அடங்காது. தாள்களை ஒட்டித்தான் ஆக வேண்டும். எந்தத் தாளை எதனோடு ஒட்டுவது என்று ஓரத்தில் எண்ணும் அம்புக்குறியும் போடுங்கள். ஜெராக்ஸ் கடையில் பெரும்பாலும் பக்கத்துக்குள் அடங்கும்படி சுருக்கி அச்சிட்டுவிடுவார்கள். 3 சதவீதம் சுருங்கினாலே 36 அங்குல மார்புச் சுற்றில் ஒரு அங்குலம் காணாமல் போகும். அதனால் முதல் பக்கத்தில் சரியாக 2 அங்குலத்துக்கு ஒரு கட்டம் வரைந்து, "இஞ்ச் டேப்பால் இதை அளந்த பிறகு மற்றப் பக்கங்களை அச்சிடுங்கள்" என்று எழுதியிருக்கிறேன். தையலுக்கு விடும் துணி அளவுக்குள் சேர்ந்ததா, வெளியே விட வேண்டுமா என்பதையும் ஒவ்வொரு துண்டின் மேலும் எழுத வேண்டும். இதை எழுதாத பேட்டர்னை விற்றால் நாள் முழுக்க போன் எடுத்துக்கொண்டே இருக்கலாம்.

வாட்ஸ்அப் குழுக்களில் கோப்பு சுற்றத்தான் செய்யும். பூட்டுப் போட்டுப் பார்ப்பது வீண். பணம் கொடுத்தவர்தான் திறக்க முடியாமல் அல்லாடுவார். ஒவ்வொரு தாளிலும் சேனல் பெயரையும் வாங்கும் முகவரியையும் அச்சிட்டுவிடுங்கள். ஓசியில் கைக்கு வந்தவர் அடுத்த அளவுக்கு உங்களிடமே வருவார்.

பணம் வாங்க ஆரம்பத்தில் யுபிஐ கியூஆர் போதும், ஆனால் வீட்டுச் செலவுக் கணக்கோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்ததும் கோப்பு தானாகப் போய்ச்சேர வேண்டுமென்றால் பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) தேவை. அவர்கள் பொதுவாக 2 சதவீத அளவிலும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் எடுப்பார்கள். இரவு பதினொரு மணிக்கு விழித்திருந்து கோப்பு அனுப்பாமல் தூங்கலாமே, அதற்கான விலை என்று கொடுத்துவிடுகிறேன்.

நேரலை வகுப்பு

வகுப்பை ஆடி மாதத்தில் வைக்கிறேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, தையல் கடைகளில் வேலை குறைந்திருக்கும். அப்போது கற்றுக்கொண்டவர் தீபாவளி ஆர்டரில் கட்டணத்தை மீட்டுவிடலாம். நேரம் பிற்பகல் 2 மணி: சமையல் முடிந்திருக்கும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்திருக்க மாட்டார்கள். உங்கள் மாணவர்களுக்கும் இப்படி ஒரு ஓய்ந்த காலமும் ஓய்ந்த நேரமும் இருக்கும். வகுப்புக்கு எவ்வளவு விலை வைப்பது என்று யோசிப்பதற்கு முன் அதைக் கண்டுபிடியுங்கள்.

நான்கு வகுப்புக்கு 900 ரூபாய் வாங்குகிறேன், 15 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒவ்வொருவர் துணியையும் கேமராவில் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஐம்பது பேரை வைத்துக்கொண்டு அது நடக்காது. ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். நான் அதற்கேற்பவே பாடத்தைப் பிரித்திருக்கிறேன்: முதல் 40 நிமிடம் வெட்டுவது, பிறகு அவரவர் தைப்பது, மீண்டும் 40 நிமிடம் தவறுகளைத் திருத்துவது. முகத்தைக் காட்டும் கேமராவைவிட மேசைக்கு மேலிருந்து கையைக் காட்டும் கேமராவுக்குச் செலவு செய்யுங்கள்.

உறுப்பினர் திட்டமும் லிங்க் கமிஷனும்

யூடியூபில் உறுப்பினர் திட்டம் (மாதாமாதம் பார்வையாளர் கட்டும் பணம்), சூப்பர் தேங்க்ஸ் (வீடியோ பிடித்தவர் ஒருமுறை தரும் அன்பளிப்பு) போன்றவற்றுக்கு வாசல் சிறியது: 500 சந்தாதாரர்கள், 90 நாளில் மூன்று வீடியோக்கள், ஆண்டுக்கு 3,000 மணி நேரப் பார்வை. வருவதில் 70 சதவீதம் நமக்கு. தினமும் நேரலையில் வந்து பேசுபவர்களுக்கு இது நன்றாக நடக்கும். தையல் கற்க வருபவர் வேலை முடிந்ததும் போய்விடுவார். மாதாமாதம் பணம் கட்டச் சொன்னால் மாதம் ஒரு புதிய பேட்டர்னாவது தர வேண்டும்.

நாம் கொடுக்கும் அமேசான் லிங்க் வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் கிடைக்கும் கமிஷன் சிறு தொகைதான். லிங்க்கைத் தொட்ட 24 மணி நேரத்துக்குள் வாங்கினால் அல்லது வாங்கும் கூடையில் போட்டு வைத்தால்தான் அதுவும். கத்தரிக்கோல், வளைவு ஸ்கேல் இரண்டுக்கும் லிங்க் கொடுக்கிறேன், கமிஷன் உண்டு என்று பக்கத்திலேயே எழுதுகிறேன். தையல் இயந்திரத்துக்குக் கொடுப்பதில்லை. நூல் அறுந்துகொண்டே இருந்தால் வீட்டுக்கு வந்து பார்க்க மெக்கானிக் வேண்டும், அதற்கு அவரவர் ஊர்க் கடைதான் சரி.

நிறுவனங்கள் தேடி வரும்போது

"சந்தாதாரர் எத்தனை?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் அண்மையில் போட்ட வீடியோக்களின் சராசரிப் பார்வையைச் சொல்லுங்கள்; அதன் மேல்தான் விலை நிற்கும். அதோடு, அவர்கள் ஒரே மூச்சில் கேட்பதைப் பிரித்து விலை சொல்லுங்கள். ஒரு நிமிடம் பொருளைக் குறிப்பிடுவது ஒரு விலை. முழு வீடியோவும் அதைப் பற்றி என்றால் வேறு விலை. உங்கள் வீடியோவை எடுத்து அவர்களே விளம்பரமாக ஓட்டிக்கொள்வார்கள் என்றால் அது எத்தனை மாதம் என்று எழுதி வாங்கித் தனியாகக் கூட்டுங்கள். போட்டி நிறுவனத்தை மூன்று மாதம் தொடக்கூடாது என்றால், அந்த மூன்று மாதத்தில் இழக்கும் வாய்ப்புக்கும் அவர்கள்தான் பணம் தர வேண்டும். பாதித் தொகை முன்பணம். "பொருளை நீங்களே வைத்துக்கொள்ளலாம்" என்பது கூலி ஆகாது, எங்கள் ஊர்ச் சந்தையில் துணிக்குப் பஞ்சமில்லை.

லைனிங் துணி நிறுவனம் ஒன்று "சாயம் போகாது" என்று சொல்லச் சொன்னது. துவைத்துப் பார்க்க ஒரு வாரம் கேட்டேன். வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைத்ததில் வெள்ளை இளஞ்சிவப்பாகிவிட்டது. படத்தை அனுப்பினேன்; அதற்குப் பிறகு அங்கிருந்து பதில் இல்லை. சோதித்துப் பார்க்க நேரம் கேட்பதை உங்கள் முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள், பல பேர் அங்கேயே கழன்றுகொள்வார்கள்.

பணம் வாங்கியதைச் சொல்லாமல் மறைக்கக் கூடாது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-லேயே இதற்கு விதிகள் வெளியிட்டது. 2023-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டி வெளியிட்டது. யூடியூபில் பதிவேற்றும்போது "பணம் பெற்ற விளம்பரம்" என்று குறிக்கும் கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்துவிட்டு, வாயாலும் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

கணக்கு

நிறுவனங்கள் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு அனுப்பும். வருமானவரி இணையதளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஜூலை முதல், ஒரு நிறுவனம் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்து நீங்கள் அதை வைத்துக்கொண்டால் அதற்கும் 10 சதவீத வரிப்பிடித்தம் உண்டு. சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். விளம்பரம், வகுப்பு, பேட்டர்ன் எல்லாவற்றையும் கூட்டித்தான் இந்த வரம்பைப் பார்ப்பார்கள் என்பதால், எது எவ்வளவு தந்தது என்று மாதாமாதம் தனித்தனிப் பத்தியில் எழுதிவைத்து, மார்ச் மாதத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் காட்டுங்கள்.