மெல்பர்னின் 'எஸ்பி'க்குப் போகிறீர்களா?

செயின்ட் கில்டா கடற்கரைக்கு எதிரே 1878-இல் கட்டிய எஸ்பிளனேட் ஹோட்டல் என்ற மதுக்கூடத்தை ஊரில் எல்லோரும் 'எஸ்பி' என்றே சொல்வார்கள். எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் வந்த 'ராக்விஸ்' இசை வினாடி வினாவைப் படம்பிடித்தது இங்குள்ள கெர்ஷ்வின் அறையில்தான். அந்த அறையைப் பார்க்க ஆசை என்றால், அங்கே நிகழ்ச்சி இருக்கும் நாளாகப் பார்த்து முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். சும்மா பாட்டுக் கேட்டால் போதும் என்பவர்களுக்குச் செலவே இல்லை, முன்பக்க பாரில் பல நாட்கள் இலவசமாகவே கச்சேரி நடக்கும்.

நகர மையத்திலிருந்து 96-ஆம் எண் டிராம் சரியாக இருக்கும். டிராம் கட்டணத்துக்கான மைகி அட்டை கையில் இருக்கட்டும். வெள்ளி, சனி இரவுகளில் இந்த டிராம் விடிய விடிய ஓடுவதால் திரும்பும் கவலை இல்லை.

பதினெட்டு வயது தாண்டியிருந்தாலும் வாசலில் அடையாளம் கேட்கலாம். பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள். மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்காமல் நேராக பாருக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பியரில் 'பாட்' கேட்டால் 285 மில்லி, 'பைண்ட்' கேட்டால் 570. டிப்ஸ் கட்டாயமில்லை.

நான் போகச் சொல்வது பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால். மேற்குப் பார்த்த கட்டடம், விரிகுடாவில் சூரியன் இறங்குவது முன் ஜன்னலிலிருந்தே தெரியும். குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். அப்புறம் பக்கத்திலேயே 1912-இல் திறந்த லூனா பார்க்கும் இருக்கிறது.